தோம்பில் ஏறாத பெயர்கள்: வன்னிமைக் குடும்பங்களும் ஊருரிமையும்

"வன்னியில சோனகர் எப்ப வந்தவங்க?" வன்னி முஸ்லிம்களைப் பற்றி எந்தக் கூட்டத்தில் பேசப் போனாலும் முதலில் எழும்புகிற கேள்வி இதுதான். கேட்பவர் சில நேரம் பக்கத்து ஊர்த் தமிழ்ச் சகோதரர், சில நேரம் அரச உத்தியோகத்தர், பல நேரம் எங்கட பிள்ளைகளே. கேட்பதில் குற்றமில்லை. ஆனால் பதில் சொல்லப் புறப்படுகிறவர்கள் எல்லாரும் ஒரே பாதையில்தான் போகிறார்கள். அரபு வணிகர் கரையிறங்கிய நூற்றாண்டைத் தேடுகிறார்கள். 1344இல் இப்னு பதூதா இலங்கைக்கு வந்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த கதையை எடுத்து வைக்கிறார்கள். பழைமையை நிறுவிவிட்டால் உரிமை தானாகப் பின்னால் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

வவுனியாவில் இருந்துகொண்டு பல வருடமாக இந்தப் பதில்களை வாசித்தும் கேட்டும் வருகிறேன். இந்தக் கட்டுரையில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட விரும்புகிறேன். வன்னியில் "உரியவர்" என்ற தகுதி யாருக்கு, எப்படி, எந்த ஏட்டின் வழியாக வந்தது? முதலில் வந்தவருக்கு வந்ததா, பெயர் எழுதப்பட்டவருக்கு வந்ததா? இதற்குப் பதில் தேட, வன்னியை ஆண்ட குடும்பங்களின் கதையைப் பார்க்க வேண்டும். அதற்கு முன், இதே கதை இன்னும் தெளிவாகப் பதிவான இரண்டு ஐரோப்பிய நகரங்களைச் சற்று எட்டிப் பார்ப்போம்.

நகரத்தின் ஏடு

ஜெர்மன் நாட்டின் நியூரம்பேர்க் நகரை மத்திய காலத்தில் ஆண்டது அரசனோ ஆயரோ அல்ல, சில வணிகக் குடும்பங்கள். நகரத்தின் உள் சபையில் 42 பேர் இருந்தார்கள். அதில் 34 இடம் அந்தப் பெருங்குடும்பங்களுக்கு, 8 இடம் மட்டும் கைவினைஞருக்கு. 1348இல் கைவினைஞர் கிளர்ந்தெழுந்து சபையைக் கைப்பற்றினார்கள். மறு வருடமே கிளர்ச்சி அடக்கப்பட்டது. அதன்பின் தொழிலாளர் சங்கங்களுக்கே அந்நகரில் தடை வந்தது. 1521இல் நகர மண்டபத்து நடன விருந்துக்கு எந்தெந்தக் குடும்பங்களை அழைக்கலாம் என்று ஒரு பட்டியல் எழுதினார்கள். விருந்துப் பட்டியல்தானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஆளும் குடும்பம். பெயர் இல்லாதவன் எவ்வளவு செல்வம் சேர்த்தாலும் வெளியாள்.

அதே நகரில் யூதர்களுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1349இல் சந்தைச் சதுக்கம் அமைப்பதற்காக யூதர் குடியிருப்பை இடிக்க அனுமதி வாங்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அவர்களுடைய தொழுகைக்கூடம் நின்ற இடத்தில் ஒரு தேவாலயம் எழும்பியது. 1499இல் எஞ்சியிருந்தவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு யூதர் மறுபடியும் அந்நகரின் குடிமகனாக ஏற்கப்பட்டது 1850இல். மூன்றரை நூற்றாண்டு! அத்தனை காலமும் நகரத்துச் சட்டப்புத்தகம் ஒழுங்காகத்தான் இருந்தது. அந்த ஒழுங்கின் பெயராலேயே அவர்கள் வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

வெனிஸ் நகரம் இன்னும் கச்சிதமானது. 1297இல் பெருஞ்சபைக்குள் புதியவர்கள் நுழையும் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள். 1506 முதல் ஆளும் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளின் பெயரை ஓர் ஏட்டில் பதிந்தார்கள். பிற்காலத்தில் அதற்குப் "பொன் ஏடு" என்று பெயர். அதே நகரம் 1516இல் யூதர்களை ஒரு தனித் தீவுப் பகுதிக்குள் அடைத்தது. 1621இல் உஸ்மானியப் பேரரசின் முஸ்லிம் வணிகர்களுக்கென்று ஒரு கட்டடத்தை ஒதுக்கி, இரவானால் கதவைப் பூட்டியது. வணிகம் வேண்டும், வணிகன் அயலவனாகவே இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு வன்னிக்கு வருவோம்.

யானையே திறை

வன்னியில் நகரம் இருக்கவில்லை. குளமும் வயலும் காடுமாகப் பரந்த நிலம் அது. அதை ஆண்ட தலைவர்களை வன்னியர் என்றும் அவர்களுடைய ஆட்சியை வன்னிமை என்றும் சொன்னார்கள். பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி ஆகியவை அந்த வன்னிமைகளில் பெயர்பெற்றவை. வடக்கே யாழ்ப்பாண அரசு, தெற்கே சிங்கள அரசுகள். இரண்டுக்கும் நடுவில் எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு பணிவது என்பதைத் தாங்களே தீர்மானித்துக்கொண்டு இவர்கள் இருந்தார்கள்.

வையாபாடல் போன்ற பழைய நூல்கள் வன்னிக்கு யார் யார் வந்து குடியேறினார்கள் என்று வரிசை வரிசையாகச் சொல்கின்றன. வரலாற்று ஆசிரியர்கள் அவற்றின் காலக்கணக்கைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். எனக்கு அந்த நூல்களில் முக்கியமாகப் படுவது வேறு. "நாங்கள் இன்னாரோடு வந்தோம், இன்ன பற்று எங்களுக்குக் கிடைத்தது" என்று சொல்வதற்கு ஆளும் குடும்பங்களுக்கு ஒரு பாடல் தேவைப்பட்டிருக்கிறது. நியூரம்பேர்க்கின் விருந்துப் பட்டியல் செய்த வேலையை இங்கே குடிவரவுக் கதை செய்தது. பட்டியலில் வராத குடிகள் ஊரில் இருக்கவில்லை என்று பொருள் அல்ல. உழுதவனும் குளம் வெட்டியவனும் வண்டி ஓட்டியவனும் இருந்தான். பாட்டில் இடம் கிடைக்காமல் இருந்தான்.

1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒல்லாந்தர் காணி காணியாக அளந்து தோம்பு எழுதினார்கள். வன்னியில் அப்படிச் செய்யவில்லை. அங்கே வன்னியரை வன்னியராகவே விட்டுவைத்து, வருடந்தோறும் யானை திறையாகக் கேட்டார்கள். யானையைக் கொடுத்தால் பற்று உன்னுடையது, உன் குடிகளிடம் வேலை வாங்குவதும் சிறு வழக்குகளைத் தீர்ப்பதும் உன் பாடு. ஒப்பந்தத்தின் சாரம் இவ்வளவுதான்.

திறையை நேரில் கொண்டுவந்து கையளிப்பதில் ஒரு பணிவு இருக்கிறது. பனங்காமத்துக் கைலாயவன்னியன் அந்தப் பணிவைக் காட்ட மறுத்தவன். 1678இல் இறக்கும்வரை ஒல்லாந்தரிடம் நேரில் வந்து தலைவணங்கவில்லை என்பது அவன் பெயர். அவனுக்குப் பின்வந்த தலைவர்களில் தொன் பிலிப் நல்லமாப்பாணன் என்று ஒருவர் ஒல்லாந்தர் ஆவணங்களில் வருகிறார். யாழ்ப்பாணத்தில் கொம்மாந்தராக இருந்த ஸ்வார்டெகுரூன் 1697இல் தனக்குப் பின்வருவோருக்கு எழுதிவைத்த குறிப்பில், வன்னியர் கட்டாமல் நிலுவை வைத்த யானைத் திறையைப் பற்றி விரிவாகவே முறைப்படுகிறார்.

"தொன் பிலிப்" என்ற முன்பெயரைக் கவனியுங்கள். "தொன்" போர்த்துக்கேயர் கொடுத்த மரியாதை. "பிலிப்" ஞானஸ்நானப் பெயர். "மாப்பாணன்" உள்ளூர்ப் பட்டம். ஒரு மனிதனின் பெயருக்குள் மூன்று அதிகாரங்கள் கையொப்பம் வைத்திருக்கின்றன.

யானைகளுக்கு என்ன நடந்தது? வன்னிக் காட்டிலிருந்து ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் நடத்தி வந்து, யாழ்ப்பாணத்தில் விற்று, ஊர்காவற்றுறைப் பக்கமாகக் கப்பலேற்றினார்கள். வாங்க வந்தவர்களில் முக்கியமானவர்கள் கோல்கொண்டா, வங்காளம் போன்ற இடங்களிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள். ஆக வன்னியருடைய உரிமை யானையில் நின்றது. யானையின் பெறுமதி முஸ்லிம் வணிகனின் பணத்தில் நின்றது. அந்தப் பணம் இல்லாமல் அந்தத் திறைக்கு விலை இல்லை. ஆனால் கம்பனியின் கணக்கில் வன்னியனுக்கு ஒரு பற்று எழுதப்பட்டது. வணிகனுக்கு வரவு மட்டும் எழுதப்பட்டது.

பேனா பிடித்தவன் கை

ஒல்லாந்தர் காலத்து இலங்கையில் பெயர் எழுதும் ஏடுகள் இரண்டு வகை. ஒன்று காணித் தோம்பு. மற்றது தேவாலயமும் பள்ளிக்கூடமும் சேர்ந்து வைத்திருந்த பள்ளித் தோம்பு. ஞானஸ்நானம், திருமணம், பிள்ளைகள் எல்லாம் அதில் பதிவாகும். ஒரு பிள்ளை முறைப்படி பிறந்ததா, சொத்துக்கு வாரிசா என்று கேள்வி வந்தால் அந்த ஏட்டைத்தான் புரட்டுவார்கள். முதலியார் போன்ற பதவிகளுக்கும் கம்பனியின் கிறிஸ்தவத்தைச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் மனதில் சைவராக இருந்த எத்தனையோ பேர் ஏட்டில் கிறிஸ்தவராக இருந்தார்கள்.

முஸ்லிம்கள் அந்த ஏட்டில் ஏறவில்லை. ஏறுவதற்கு ஈமானை விற்க வேண்டும். விலை என்னவென்றால், அவர்கள் அயலவராகக் கணக்கிடப்பட்டார்கள். சோனகரும் செட்டிகளும் கம்பனிக்கு ஊழியம் செய்ய வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். கொழும்பில் கோட்டைக்குள்ளும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடோ நிலமோ சொந்தமாக வைத்திருக்கத் தடை. அந்தத் தடை நீங்கியது பிரித்தானியர் காலத்தில், 1832இல்தான். இன்றைக்குப் புறக்கோட்டைத் தெருக்களில் நடந்து போகிறவர் இதை நம்பக் கஷ்டப்படுவார்.

இதே காலத்தில் கம்பனி ஐரோப்பியக் குடியேறிகளுக்குச் சில சலுகைகளோடு "சுதந்திரக் குடிமகன்" என்ற தகுதியைக் கொடுத்தது. பறங்கியர் என்று நாங்கள் சொல்லும் சமூகத்துக்கு "பேர்கர்" என்ற பெயர் வந்தது அந்த வழியால்தான். ஐரோப்பிய நகரத்துக் குடிமகனைக் குறிக்கும் சொல் அது. நியூரம்பேர்க்கின் ஏடு கப்பலேறிக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்து சேர்ந்தது என்று சொன்னால் அதில் மிகை இல்லை. கப்பலில் வந்த சிப்பாய்க்கு ஊருரிமை. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழ்ந்த சோனகனுக்கு ஊழியம். இதில் "யார் முதலில் வந்தது" என்ற கணக்கு எங்கே இருக்கிறது?

ஏடு கைமாறிய காலம்

ஏட்டில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நாம் படிக்க வேண்டிய பாடத்தின் பாதி அதில் இருக்கிறது.

1782 அளவில் ஒல்லாந்தர் வன்னியரிடமிருந்து யானை வாங்குவதோடு நிற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். தோமஸ் நாகெல் என்ற படை அதிகாரி வன்னிக்குள் அனுப்பப்பட்டார். வன்னியர் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. ஆண் தலைவர்கள் மட்டுமல்ல, வன்னிச்சிமார் என்று அழைக்கப்பட்ட பெண் தலைவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். மரியா செம்பாத்தை என்ற வன்னிச்சியை ஒல்லாந்தர் கொழும்புக் கோட்டையில் சிறை வைத்திருந்தனர். கடைசியில் வன்னி நேரடி ஆட்சிக்குள் வந்தது. நாகெல் அதன் நிர்வாகியாக அமர்ந்து, 1793இல் வன்னியைப் பற்றி ஒரு விவரணமும் எழுதினார். நூற்றாண்டுகளாக வன்னியர் வாங்கிய வரி இப்போது கம்பனிக் கணக்கில் ஏறியது.

பின்னர் பிரித்தானியர் வந்தார்கள். 1803இல் கண்டியோடு அவர்களுக்குப் போர் மூண்டபோது, பண்டாரவன்னியன் ஓகஸ்ட் மாதத்தில் முல்லைத்தீவைத் தாக்கிக் கைப்பற்றினான். அதே வருடம் ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்தான். அங்கே நடப்பட்ட நினைவுக்கல் தோற்கடித்தவனுடைய மொழியில், தோற்கடித்தவனுடைய பெயரை முன்வைத்து எழுதப்பட்டது. வன்னியின் கடைசித் தலைவனைப் பற்றி அந்த மண்ணில் நின்ற முதல் எழுத்தும் அவனை வென்றவன் எழுதியதுதான்.

பண்டாரவன்னியனை இன்று வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் எல்லாரும் வீரனாகப் போற்றுகிறோம். அது சரியே. ஆனால் ஒரு விஷயத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். யானையைக் கொடுத்து உரிமையை வாங்கிய வன்னிமைக் குடும்பங்கள், யானை தேவைப்படாத காலம் வந்ததும் ஏட்டிலிருந்து அழிக்கப்பட்டன. அவர்களுடைய பழைமையும் பட்டமும் ஞானஸ்நானப் பெயரும் அவர்களைக் காப்பாற்றவில்லை. பனங்காமம் இன்று மாந்தை கிழக்கில் ஒரு சிற்றூர். அங்கே ஓர் அரசு இருந்ததென்று சொன்னால்தான் தெரியும். வெனிஸின் ஆளும் குடும்பங்களுக்கு 1797இல் இதே கதி. நியூரம்பேர்க் 1806இல் பவேரிய அரசுக்குள் போனபோது அதன் பெருங்குடும்பங்களின் சபையும் முடிந்தது. சலுகையாக வந்த உரிமை, சலுகை கொடுத்தவன் மாறினால் போய்விடும்.

எங்கட பக்கத்துப் பட்டியல்கள்

1806 எங்களுக்கும் ஒரு முக்கியமான வருடம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707 அளவில் தேசவழமை என்று தொகுத்திருந்தார். பிரித்தானியர் 1806இல் அதற்கு மறுபடியும் சட்ட வலு கொடுத்தார்கள். அதே வருடம் கொழும்பு முஸ்லிம்களுக்கு முகம்மதியச் சட்டக்கோவை வந்தது. 1852இல் அது இலங்கை முழுவதற்கும் விரிந்தது. சிறிது சிறிதாக, அயலவன் என்று கணக்கிடப்பட்டவனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டது.

பக்கம் கிடைத்ததும் அதை யார் நிரப்புவது என்ற போட்டி எங்களுக்குள்ளும் தொடங்கியது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று ஒரு கட்டுரை வாசித்தார். முஸ்லிம்களுக்குச் சட்டசபையில் தனி இடம் வேண்டுமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பு எழுதி, அரபு வம்சாவழியை நிறுவ முயன்றார். அந்த மறுப்பின் தேவை எனக்குப் புரிகிறது. ஒரு சமூகம் தன் பெயரைத் தானே சொல்லும் உரிமைக்காக எழுதப்பட்டது அது. ஆனால் வாதம் நடந்த களம் இரத்தம். உன் இரத்தம் எது, என் இரத்தம் எது என்ற கேள்வி ஆளும் குடும்பங்களின் கேள்வி. அதில் பதில் சொல்ல இறங்கியவுடன், ஆவணமும் செல்வமும் வம்சாவழிப் பட்டியலும் வைத்திருந்த கொழும்புக் குடும்பங்களே சமூகத்தின் முகமானார்கள். நீராவிப்பிட்டியில் வயல் செய்தவனுக்கும் முல்லைத்தீவுக் கரையில் மீன் வாங்கி விற்றவனுக்கும் அந்தப் பட்டியலில் என்ன இடம்?

பள்ளிவாசலுக்குள்ளும் பாருங்கள். கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் தாய்வழிக் குடிக்கு ஒரு மரைக்கார் என்று நம்பிக்கையாளர் சபையில் இடம் ஒதுக்கும் வழக்கம் இருந்தது. அதற்கு அதன் நியாயம் உண்டு. ஒவ்வொரு குடியின் குரலும் கேட்க வேண்டுமென்பது அதன் நோக்கம். வடக்கில் எங்களுக்கு அவ்வளவு ஒழுங்கான குடிமுறை இல்லை என்றாலும், "அவங்க குடும்பம்தான் பள்ளிக்கு நிலம் கொடுத்தது, அவங்கதான் தலைவராக இருக்கணும்" என்ற பேச்சு இல்லாத ஊர் குறைவு. மஹல்லாவின் பெயரேட்டில் சந்தா கட்டியவர் மட்டும் இருப்பார். கட்ட முடியாதவர், விதவை, கூலி வேலைக்கு வந்து நிலைத்த குடும்பம் ஏட்டின் ஓரத்தில் நிற்பார்கள். வெனிஸைப் பார்த்துக் கோபப்படும் எங்களுக்கு இது கண்ணில் படுவதில்லை.

காணி, பெர்மிட், பத்து வருடம்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டோர். முல்லைத்தீவு, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் என்று வன்னிப் பெருநிலத்தின் ஊர்கள் சில நாட்களில் வெறுமையாகின. யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசம் கொடுக்கப்பட்டது. இதைப் பற்றி இந்த வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. நான் கவனப்படுத்த விரும்புவது, போகும்போது கையில் எதை எடுத்தார்கள் என்பதை. பலரால் காணி உறுதியை எடுக்க முடியவில்லை. சிலரிடம் உறுதியே இருந்ததில்லை.

வன்னிக் காணிகளில் பெரும்பகுதி அரச காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பெர்மிட்டில் கொடுக்கப்பட்டது. பெர்மிட்டுக்கு நிபந்தனை உண்டு. காணியில் குடியிருக்க வேண்டும், பயிர்செய்ய வேண்டும், தவறினால் அதிகாரி ரத்துச் செய்யலாம். துரத்தப்பட்டவன் எப்படிக் குடியிருப்பான்? துப்பாக்கி முனையில் கைவிட்டதும் மனம்போல் கைவிட்டதும் ஏட்டுக்கு ஒன்றுதான். வாரிசுரிமையிலும் அந்தச் சட்டத்தின் அட்டவணை 2022இல் திருத்தம் வரும்வரை பெண்பிள்ளைக்கு முன்பாக ஆண்பிள்ளையை வைத்தது. இத்தனைக்கும் வடக்கு முஸ்லிம்களிடையே வீடு பெரும்பாலும் பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். வாழ்க்கையில் வீடு உம்மாவுடையது. ஏட்டில் அது வாப்பாவுடையதோ காக்காவுடையதோ.

தனியார் காணிக்கு வேறு சிக்கல். 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் பத்து வருடம் இடையறாமல் எதிருரிமையோடு ஒரு காணியை அனுபவித்தால் அது அவருக்குச் சொந்தமாகலாம். யுத்தமோ பத்து வருடத்தைத் தாண்டிக்கொண்டே போனது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதற்கு ஒரு பரிகாரம் தந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயலால் தங்கள் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலம் கணக்கிடப்படாது என்றது. நல்ல சட்டம். முஸ்லிமுக்கும் தமிழருக்கும் சிங்களவருக்கும் பொதுவான சட்டம். ஆனால் அதன் பயன் கிடைக்க, காணி தன்னுடையது என்று காட்ட ஏதாவது ஒன்று வேண்டும்.

தண்ணீரூற்றில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, கிணறு கட்டின மேசன் யாரெண்டு எனக்குத் தெரியும். வேலியில நிண்ட பூவரசு எத்தனை எண்டு தெரியும். கந்தோரில அதெல்லாம் கேக்கிறாங்களா? கடதாசி எங்க எண்டு மட்டும் கேக்கிறாங்க." ஓர் அலுவலகத்தில் அவரை மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். இடித்த வீட்டின் அத்திவாரத்தை அவர் காட்டினார். காடு அதை மூடியிருந்தது. இருபது வருடத்தில் வளர்ந்த மரத்தைப் பார்த்து, இது காட்டுநிலம் என்று ஒருவர் சொல்லிவிட முடிகிறது. திரும்பி வந்தவர்களுக்குக் காணி கேட்டபோது, காடு அழிகிறது என்றும் புதிதாகக் குடியேற்றுகிறார்கள் என்றும் எதிர்ப்பு எழுந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். போன தலைமுறையில் ஊராக இருந்த இடத்துக்கு இந்தத் தலைமுறையில் "புதிதாக" என்ற சொல் ஒட்டிக்கொண்டது.

என்ன எழுத வேண்டும்

இந்த இடத்தில் "சோனகர் எப்ப வந்தவங்க?" என்ற கேள்விக்குத் திரும்பினால், அதற்குப் பதில் சொல்வதால் அந்தப் பெரியவரின் கிணறு திரும்பி வராது என்பது விளங்கும். இப்னு பதூதாவின் பயணக்குறிப்பை ஒரு பிரதேச செயலகத்தில் உறுதியாகக் கொடுக்க முடியாது. பழைமை ஆராயப்பட வேண்டியது, அதை மறுக்கவில்லை. ஆனால் உரிமையின் அடிப்படையாகப் பழைமையை வைத்தால், அடுத்த நாள் எங்களைவிடப் பழையவர் ஒருவர் வந்து நிற்பார். அவருக்கு முன்னால் நாங்கள் வாய்மூடி நிற்க வேண்டிவரும். வன்னிக்கு எழுபதுகளின் கலவரங்களில் மலையகத்திலிருந்து ஓடிவந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. எங்கட அளவுகோல் பழைமை என்றால், அவர்களை நாங்களே வெளியே நிறுத்தியவர்கள் ஆவோம்.

அதனால் எங்களுக்கு வேண்டியது வேறு ஒரு தோம்பு. 1990இல் வன்னியில் முஸ்லிம்கள் வாழ்ந்த ஒவ்வொரு ஊருக்கும் வீடு வீடாக ஒரு பதிவு. அதில் என்ன இருக்க வேண்டும் என்று சில யோசனைகள் சொல்கிறேன்.

முதலாவது, குடும்பத் தலைவர் என்று ஒரு ஆணின் பெயரோடு நிறுத்தாமல், வீட்டில் இருந்த அனைவரது பெயரும், சீதனமாக வீடு பெற்ற பெண்ணின் பெயர் முன்னாலும். இரண்டாவது, வாடகைக்கு இருந்தவர், கூலிக்கு வந்தவர், பெர்மிட் இல்லாமல் காடு வெட்டிப் பயிர்செய்தவர் யாரும் விடுபடக்கூடாது. சந்தா ஏட்டைப் பார்த்து எழுதினால் இவர்கள் விடுபடுவார்கள். மூன்றாவது, கிணறு, மரம், வேலி, பாதை, வயல் வரம்பு, மையவாடியில் யார் எங்கே அடக்கம் என்பது. கந்தோர் கேட்கவில்லை என்பதற்காக நாமும் கேட்காமல் விடக்கூடாது. இன்றைக்கு ஏற்காத சான்றை நாளைக்கு ஒரு நீதிமன்றம் ஏற்கலாம்.

நான்காவதுதான் என் பார்வையில் பெரியது: அயலவரின் சாட்சி. தேசவழமையில் ஒரு நல்ல மரபு இருக்கிறது. காணியை விற்க நினைத்தால் பங்காளிக்கும், அடுத்த காணிக்காரர்களில் உரிமையுள்ளவருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்ற முன்கொள்ளும் உரிமை. 1947இல் அதற்குத் தனிக் கட்டளைச் சட்டமும் வந்தது. வாரிசு விடயத்தில் முஸ்லிமுக்குத் தேசவழமை பொருந்தாது. ஆனால் இந்த முன்கொள்ளும் உரிமை வட மாகாணத்துக் காணியைப் பற்றியது, காணிக்காரர் எந்தச் சமூகம் என்று அது பார்ப்பதில்லை. அதாவது இந்த மண்ணின் சட்டத்துக்குள்ளேயே, பக்கத்துக் காணிக்காரனை ஒரு உறவாக மதிக்கும் எண்ணம் இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்துக் காணிக்காரர்கள் முள்ளியவளையிலும் தண்ணீரூற்றிலும் இன்னும் இருக்கிறார்கள். 2009இல் அவர்களும் எல்லாவற்றையும் இழந்து, முகாமில் இருந்து, பெர்மிட் தேடித் திரிந்தவர்கள். "இது காதரின்ட காணி, அங்கால எங்கட காணி" என்று அவர்கள் சொல்லும் ஒரு வசனம் எந்த வம்சாவழிப் பாட்டையும்விடப் பெறுமதியானது. அவர்களுடைய காணியைப் பற்றி எங்கட பெரியவர்கள் சொல்லக்கூடிய சாட்சியும் அப்படியே. பதிவு இரண்டு பக்கத்துக்கும் உதவுவதாக இருக்க வேண்டும்.

இந்த வேலையைப் பள்ளி நிர்வாகம் மட்டும் செய்யக்கூடாது, பெரிய குடும்பங்கள் மட்டும் செய்யக்கூடாது. படித்த பிள்ளைகள் ஊர் ஊராகப் பிரிந்து, புத்தளத்திலும் அனுராதபுரத்திலும் இருக்கும் மூத்தவர்களிடம் போய் எழுத வேண்டும். 1990இல் முப்பது வயதாக இருந்தவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். வேலியில் நின்ற பூவரசின் எண்ணிக்கை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மவுத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதாமல் விட்டதை எந்த ஆவணக் காப்பகத்திலும் தேடி எடுக்க முடியாது. ஒரு கொப்பியும் ஒரு பேனையும் போதும். வருகிற விடுமுறையில் ஊருக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வீட்டை மட்டும் எழுதிக்கொண்டு வந்தாலே, தோம்பின் முதல் பக்கம் நிறைந்துவிடும்.